பக்கவிளைவைக் கேட்பதும் உரிமையே: பழனி மலையிலிருந்து மனச்சோர்வு மருந்துகள் குறித்து ஒரு விளக்கம்

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் வன்கொடுமைப் புகார் தொடர்பாக எங்களைச் சந்திக்க வந்தார். விடுதியில் சாதிப் பெயரைச் சொல்லித் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டவர். நடந்தவற்றைத் தேதிவாரியாகக் கூறும்படி கேட்டபோது, அவரால் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தொடர இயலவில்லை. பையிலிருந்து காகிதங்களை எடுக்கையில் ஒரு மாத்திரை அட்டையும் கீழே விழுந்தது. பத்துக் குழிகளில் ஐந்து மட்டுமே காலியாக இருந்தன. "சாப்ட்டா கொமட்டுது, கை நடுங்குது, தூக்கமே இல்ல. இருந்த நோயே பரவால்லன்னு நிறுத்திட்டேன்" என்றார். அம்மாத்திரை முதலில் இப்படித்தான் செய்யும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெயரும் ஊரும் மாறினாலும் இதே கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். மனநல மருத்துவரிடம் செல்வதற்கான தயக்கத்தைக் கடந்தவர்கள்கூட, முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். பக்கவிளைவுகள் குறித்து முன்கூட்டியே சொல்லப்படாமையே இதற்குப் பெரும் காரணம். அதைச் சொல்வது மருத்துவரின் கருணையைப் பொறுத்ததன்று. சட்டம் அவர்மீது சுமத்தியுள்ள கடமை. இக்கட்டுரை அக்கடமையையும், நோயர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் விளக்குகிறது.

கசப்பு முதலில், பலன் பிறகு

மனச்சோர்வுக்கு இன்று பரவலாக எழுதித்தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம், ஃப்ளூவாக்சடின் ஆகியவை ஒரே வகையைச் சேர்ந்தவை. மூளை நரம்பணுக்களுக்கிடையே செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் நீடித்திருக்கச் செய்பவை. செரட்டோனின் மூளையில் மட்டுமன்றிக் குடலிலும் பெருமளவில் இருப்பதால், முதல் நாள்களில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தோன்றலாம். தலைவலி, வியர்வை, கைநடுக்கம், தூக்கமின்மை அல்லது மிகுதூக்கம், காரணமற்ற படபடப்பு ஆகியவையும் உண்டாகலாம். இவற்றுள் பெரும்பாலானவை ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும்.

மனச்சோர்வு குறையத் தொடங்குவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். முதல் பத்து நாள்களில் தொல்லை மட்டுமே தெரிகிறது, நன்மை தெரிவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றி அறியாதவர், மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

இத்தொல்லைகளுக்கு வழி உண்டு. குமட்டல் இருப்பின் உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். தூக்கம் கெடுமாயின் காலையிலும், தூக்கம் மிகுமாயின் இரவிலும் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தொல்லை தணியாவிடில் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் இயலும். பாலுறவு நாட்டம் குறைதல், உச்சநிலை தாமதமாதல் ஆகியவையும் இம்மருந்துகளின் அறியப்பட்ட விளைவுகளே. வெட்கத்தால் பலரும் இதை மறைத்து, சத்தமின்றி மருந்தை நிறுத்துகிறார்கள். இது தாமாகவே குறையாமல் நீடிக்கக்கூடும் என்பதால் கட்டாயம் சொல்லப்பட வேண்டியது.

திடீரென நிறுத்தக் கூடாது

சில வாரங்களுக்கு மேல் உட்கொண்ட மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்னதிர்ச்சி பாய்வது போன்ற உணர்வு ஆகியவை ஏற்படலாம். உடலில் நெடுநேரம் தங்கும் ஃப்ளூவாக்சடினில் இது குறைவு, மற்றவற்றில் கூடுதல். இதைப் போதைக்கு அடிமையானதன் அறிகுறி என்று கொள்வது தவறு. பழகிய மருந்து சட்டென விலகியதற்கு உடல் காட்டும் எதிர்வினை அது. நலமடைந்த பின்னரும் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதங்கள் மருந்தைத் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைப்பதே முறை.

மலையில் இவ்விதியைக் காப்பது எளிதன்று. வண்டிப் பாதையே இல்லாத ஊரிலிருந்து நடந்துதான் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மண் சரிந்தால் பேருந்து நின்றுவிடும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டையை வாங்கிவிட வேண்டும் என்பது சமவெளியில் அறிவுரையாக இருக்கலாம். இங்கே அது பாதுகாப்பு நடவடிக்கை. ஆனால், தற்கொலை எண்ணம் உள்ளவரின் கையில் மாத்திரைகளைக் குவித்து வைப்பதும் ஆபத்தே. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அவற்றைக் கொடுத்து வைத்து, அன்றாடம் பெற்றுக்கொள்வது நல்லது.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

பொறுத்துக்கொள்ளக் கூடாத விளைவுகளும் உள்ளன. இளவயதினர் சிலரிடம் சிகிச்சையின் தொடக்கத்திலும் அளவு மாற்றத்தின்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-இல் சிறார்களுக்கும் பதின்வயதினருக்கும் விடுத்த எச்சரிக்கையை 2007-இல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் விரிவாக்கியது. கல்லூரி மாணவர்கள் இவ்வயதினரே. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் அறைத்தோழரோ குடும்பத்தாரோ உடனிருந்து கவனிக்க வேண்டும். கடும் அமைதியின்மையோ சாவைப் பற்றிய பேச்சோ தென்பட்டால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

தூக்கமே தேவைப்படாத உற்சாகம், ஓயாத பேச்சு, கட்டுக்கடங்காத செலவு ஆகியவை தோன்றினால், நோய் இருமுனைக் கோளாறாக இருக்கக்கூடும். மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். காய்ச்சல், உடல் விறைப்பு, கடும் நடுக்கம், மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது செரட்டோனின் மிகைப்பாடாக இருக்கலாம். அவசர சிகிச்சை வேண்டும். டிரமடால் என்னும் வலிநிவாரணியோடு சேரும்போது இவ்வாபத்து கூடுகிறது. டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் முதலிய வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு உயர்கிறது. கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்து விற்கப்படும் போதைக்காளானை இம்மருந்துகளோடு கலப்பதும் கேடு தரும். மதுவும் அவ்வாறே.

வேலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகள் விலை குறைந்தவை, பயனுள்ளவை. ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பகலிலும் உறக்கம் அழுத்தும், உட்கார்ந்து எழுகையில் தலை சுற்றும். மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இது அசௌகரியம். கீழ்மலையின் சரிவில் காப்பிப் பழமும் மிளகும் பறிப்பவருக்கோ, மேல்மலையில் உருளைக்கிழங்கு மூட்டை சுமப்பவருக்கோ அதே தலைச்சுற்றல் கால் தவறிவிழும் விபத்தாகிவிடும். நாள்கூலியாளருக்கு ஓய்வெடுத்துப் பழகுவதற்கான விடுப்பும் இல்லை. அவர் உடல்வலிக்கு அன்றாடம் விழுங்கும் மாத்திரை, மேலே சொன்னவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம்.

மருந்துச்சீட்டில் நோயரின் வேலை எழுதப்படுவதில்லை. ஆகவே, செய்யும் வேலையையும் உட்கொள்ளும் பிற மாத்திரைகளையும் நாமே எடுத்துரைக்க வேண்டும். முன்பு செய்த வேலையும் இதில் அடங்கும். கொடைக்கானலில் 1983 முதல் 2001 வரை இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடிய பின்னர், 2016-இல் 591 பேருடன் உடன்பாடு எட்டப்பட்டது. நீண்டகாலப் பாதரசத் தாக்கம் கைநடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவற்றை உண்டாக்கவல்லது. பாதரசத்தோடு வேலை செய்த ஒருவரின் நடுக்கத்தை மாத்திரையின் பக்கவிளைவு என்றோ, அவரது சோர்வை வெறும் மனநோய் என்றோ சுருக்கிவிட இடங்கொடுக்கலாகாது.

சட்டம் சொல்வது என்ன?

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயர் 28 பேரை நெருப்பு பலிகொண்டது. நோயருக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டமாக்க அதன்பின்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்னும் அச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது.

அதன் 22-ஆவது பிரிவின்படி, முன்மொழியப்படும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் தெரிந்துகொள்ளும் உரிமை நோயருக்கு உண்டு. அத்தகவல் அவருக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தரப்பட வேண்டும். ஆங்கிலத்தில் கிறுக்கிய சீட்டை நீட்டி, 'போய்ச் சாப்பிடு' என்பது இப்பிரிவை நிறைவேற்றாது.

18-ஆவது பிரிவு, சாதி உள்ளிட்ட எவ்வகைப் பாகுபாடுமின்றி மனநல சிகிச்சை பெறும் உரிமையை வழங்குகிறது. சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணிக்க நேராதபடி, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவையை அமைக்க அரசைப் பணிக்கிறது. இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை சமுதாய நல மையம் தொடங்கி மேலுள்ள அரசு நிலையங்களில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எஸ்சிடலோப்ராம், ஃப்ளூவாக்சடின், அமிட்ரிப்டிலின் ஆகியவை தேசியப் பட்டியலில் இடம்பெற்றவை. சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை 23-ஆவது பிரிவு காக்கிறது. குறைபாடு இருப்பின் 28-ஆவது பிரிவின்கீழ் முதலில் நிலையப் பொறுப்பு மருத்துவரிடமும், பின்னர் மனநல ஆய்வு வாரியத்திடமும், அதன்பின் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம்.

மருத்துவமனைக்குப் போனால் காவல் துறை வழக்குப் போடும் என்று அஞ்சுவோர் இன்றும் உள்ளனர். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்பது 115-ஆவது பிரிவு.

சாதிக்கு மாத்திரையா?

இக்கேள்வியை எங்கள் தோழர்களே எழுப்புகிறார்கள். ரோகித் வெமுலாவை 2016 ஜனவரி 17-ஆம் நாளும், மருத்துவர் பாயல் தாட்வியை 2019 மே 22-ஆம் நாளும் இழந்தோம். அவர்களுடைய தாயார்கள் உயர்கல்வி நிலையங்களின் சாதியப் பாகுபாட்டுக்கு எதிராகவே உச்ச நீதிமன்றம் சென்றனர். சமூகக் குற்றத்தைத் தனிமனிதரின் மூளைக் கோளாறாகச் சுருக்கிக் காட்டும் முயற்சியை எதிர்ப்பது சரியே.

எனினும், அடித்தவன்மீது வழக்குத் தொடுக்கிறோம் என்பதற்காக முறிந்த எலும்புக்கு யாரும் கட்டுப்போடாமல் இருப்பதில்லை. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் என்னும் சொல்லின் விளக்கத்திலேயே மன, உளவியல், உணர்வுசார் துன்பங்களையும் சேர்த்துள்ளது. அத்துன்பத்துக்கு மருத்துவ ஆவணமே நேரடிச் சான்று. அதைப் பெறும் உரிமையை மனநலச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தருகிறது. மனநோய் உள்ளது என்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிடமாட்டார் என்று அதன் 3-ஆவது பிரிவு தெளிவாக்குகிறது. சிகிச்சை பெற்றால் சாட்சியம் செல்லாது என்று மிரட்டுவோருக்கு இதுவே பதில்.

மாத்திரை சாதியை ஒழிக்காது. ஆனால் தூங்கவும் உண்ணவும், நடந்ததை நீதிமன்றத்தில் நின்று சொல்லவும் வேண்டிய வலுவை அது மீட்டுத்தரலாம். எல்லார்க்கும் மாத்திரையே தேவை என்பதுமில்லை. மிதமான சோர்வுக்கு உளவியல் ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

யாரிடம் செல்வது?

உளவியல் ஆலோசகர் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்நாளில் வருகிறார் என்பதைக் கேட்டறிந்து செல்லலாம். திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்குவதற்கு முன், டெலிமானஸ் 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே, நாளின் எந்நேரத்திலும், இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் 104 சேவையும் உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மருத்துவரைப் பார்க்கையில் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிச் செல்வது நல்லது. இம்மருந்தின் பெயர் என்ன? முதல் இரண்டு வாரங்களில் என்னென்ன தோன்றலாம்? எது தோன்றினால் உடனே வர வேண்டும்? நான் செய்யும் வேலைக்கும் உட்கொள்ளும் பிற மாத்திரைகளுக்கும் இது ஒத்துப்போகுமா? எத்தனை மாதம் தொடர வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும்?

அம்மாணவரும் இக்கேள்விகளை எழுதிக்கொண்டே மீண்டும் சென்றார். மருத்துவர் அளவைக் குறைத்துத் தொடங்கினார்; உட்கொள்ளும் நேரத்தையும் காலைக்கு மாற்றினார். மூன்றாம் மாதத்தில் அவர் தம் வாக்குமூலத்தைத் தாமே எழுதிக் கொண்டுவந்தார். பதினொரு பக்கங்கள், தேதிவாரியாக. வழக்கு இன்னும் முடியவில்லை. மலை ஊர்களுக்கு அருகிலேயே மருத்துவரும் மருந்தும் வர வேண்டும் என்ற கோரிக்கையும் முடியவில்லை. இரண்டையும் நாங்கள் சேர்த்தே நடத்துகிறோம்.