ரப்பர் பால் ஏன் உறைகிறது? புரதத்தின் மின்னூட்டம் செய்யும் வேலை

ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நன்றாகத் தெரியும். மங்கில் சேர்ந்த பாலை நேரத்தோடு ஸ்டோருக்குக் கொண்டு போக வேண்டும். தாமதித்தால் கட்டிப்பாலாகி விலை குறையும். ஸ்டோருக்குப் போன அதே பாலில் ஆசிட் கலந்தால், தயிர்போல் உறைந்து ஷீட் போடுவதற்குத் தயாராகும். முன்னது நட்டம், பின்னது தொழில். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பாலில் உள்ள புரதத்தின் மின்னூட்டம்.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். ரப்பர் மிக நுண்ணிய துகள்களாக அந்த நீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதமும் ஒருவகைக் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை இருக்கிறது.

புரதத்தில் சில இடங்கள் நேர்மின்னூட்டமும் சில இடங்கள் எதிர்மின்னூட்டமும் பெறும். எது மிகும் என்பதைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை தீர்மானிக்கிறது. புதிய பாலின் பி.எச். அளவு 6.5 முதல் 7 வரை இருக்கும். அந்த நிலையில் உறையில் எதிர்மின்னூட்டமே மேலோங்கி நிற்கிறது. காந்தத்தின் ஒரே முனைகள் விலகுவதுபோல, துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது.

ஆசிட் ஊற்றும்போது நடப்பது

பார்மிக் அமிலம் சேர்ந்ததும், அதிலிருந்து வரும் நேர்மின் ஹைட்ரஜன் அயனிகள் புரதத்தின் எதிர்மின் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. பி.எச். 5க்கு அருகில் இறங்கும்போது இரண்டு மின்னூட்டங்களும் ஏறத்தாழச் சமமாகிவிடும். தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் துகள்கள் ஒட்டித் திரள்கின்றன.

மங்கிலேயே பால் உறைவதும் இப்படித்தான். மரப்பட்டையிலும் கழுவாத மங்கிலும் உள்ள பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. மங்கையும் வாளியையும் சுத்தமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பாலில் சேர்க்கும் அமோனியா, பாக்டீரியாக்களை அடக்குவதோடு எதிர்மின்னூட்டத்தையும் வலுப்படுத்துகிறது.

ஆசிட் கூடினால் நல்லது என்பதும் சரியல்ல. அளவு மிஞ்சி ஒரேயடியாக ஊற்றினால், துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மீண்டும் விலகத் தொடங்கும். பால் சரியாக உறையாது. விலை குறைவு என்று கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினால், அது ரப்பரில் தங்கித் தரத்தைக் கெடுக்கும். பார்மிக் அமிலம் பரிந்துரைக்கப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

கையுறை ஆலையிலும் இதே விதி

மலேசியாவின் கையுறை ஆலைகளில், கை வடிவப் பீங்கான் அச்சுகளை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கிக் காயவைக்கிறார்கள். பிறகுதான் ரப்பர் பாலில் முக்குகிறார்கள். கால்சியம் அயனி ஒவ்வொன்றும் இரட்டை நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின் உறையுடன் வரும் துகள்களை அது பிணைப்பதால், அச்சின் மேல் சீரான படலம் உருவாகிறது. கால்சியத்தின் அளவும் அச்சு பாலில் இருக்கும் நேரமும் கையுறையின் தடிப்பை முடிவு செய்கின்றன.

படலம் உருவான பின்பும் கொஞ்சம் புரதம் கையுறையில் தங்கிவிடுகிறது. சிலருக்கு அதனால் ஒவ்வாமை வரும்: தோல் அரிப்பு, தடிப்பு, தும்மல், மூச்சுத்திணறல். அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஆலைகளில் கையுறைகளை வெந்நீரில் அலசுவது இந்தப் புரதத்தைக் குறைப்பதற்கும்தான். நைட்ரைல் கையுறை செயற்கை ரப்பரால் ஆனது. அதில் ரப்பர் மரத்தின் புரதம் இல்லை.

ரப்பர் கையுறையோ பலூனோ பட்டதும் அரிப்பு, மூச்சிரைப்பு வருபவர்கள் அதை அலட்சியம் செய்யக்கூடாது. பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போது, மருத்துவரிடமும் தாதியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு வகைக் கையுறையை அணிந்து அவர்களால் பாதுகாப்பாகச் சிகிச்சை அளிக்க முடியும்.