விலா எலும்புக்குக் கீழே வலித்தால்

“வாயுவாகத்தான் இருக்கும்.” விலா எலும்புக்குக் கீழே வலி தோன்றியதும் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் இதுதான். உடனே ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், சோடா என்று கைவைத்தியம் தொடங்கிவிடும். பல நேரங்களில் வலி தானாகவே அடங்கியும் விடும். ஆனால் அதே இடத்தில், ஏறக்குறைய அதே விதமான வலியாக மாரடைப்பும் வரக்கூடும். எந்த வலிக்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே புறப்பட வேண்டும் என்பதை நோயாளியும் உடனிருப்போரும் அறிந்திருப்பது உயிர் காக்கும்.

எந்த உறுப்பு எங்கே உள்ளது?

விலா எலும்புக்கூட்டின் கீழ் விளிம்பை ஒட்டி, வலப்புறம் கல்லீரலும் பித்தப்பையும் உள்ளன. நடுவில் இரைப்பையும் முன்சிறுகுடலும், அவற்றுக்குப் பின்னால் கணையமும் அமைந்துள்ளன. இடப்புறம் மண்ணீரலும் பெருங்குடலின் ஒரு வளைவும் இருக்கின்றன. இருபுறமும் முதுகையொட்டிச் சிறுநீரகங்கள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் மேலே உதரவிதானம். அதன்மீது நுரையீரல்களின் அடிப்பகுதியும் இதயமும் அமர்ந்திருக்கின்றன. எனவே, மார்பில் உள்ள நோய் வயிற்று வலியாகவும், வயிற்றில் உள்ள நோய் தோள்பட்டை வலியாகவும் உணரப்படுவதில் வியப்பில்லை.

வலப்புற வலி

கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின், பெரும்பாலும் இரவில், வலப்புறமோ மேல்வயிற்றின் நடுவிலோ கடுமையாக எழுந்து, வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவி, அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடிக்கும் வலி பித்தப்பைக் கற்களால் வருவதாக இருக்கலாம். வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்களில் மஞ்சள் நிறம் ஆகியவை சேர்ந்தால் கல் குழாயை அடைத்துத் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். அன்றே சிகிச்சை வேண்டும். அதே வேளையில், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கல் இருப்பது தெரிந்து, தொந்தரவு ஏதும் இல்லையெனில், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

கல்லீரல் அழற்சியும், அமீபா கிருமியால் கல்லீரலில் சீழ் கட்டுவதும் இப்பகுதியில் வலி தரும். பின்னதில் காய்ச்சலும் உடல் மெலிவும் உடன் காணப்படும்.

நடுப்பகுதி வலி

நெஞ்சுக்குழியில் எரிச்சலும் வலியும் இரைப்பைப் புண்ணின் அடையாளமாக இருக்கலாம். காரமும் கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கு இதில் பெரும் பங்குண்டு எனக் காட்டினர். அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மற்றொரு முக்கியக் காரணம் வலி மாத்திரைகள். மூட்டு வலிக்கென்று மருந்துக் கடையில் தாமே வாங்கி நாள்தோறும் உட்கொள்வோருக்குப் புண் வரும் வாய்ப்பு மிகுதி. மலம் தார்போல் கறுத்துப் போனால் புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்று கருதி உடனே வர வேண்டும்.

முதுகை ஊடுருவிச் செல்வது போன்ற கடும் வலி, முன்னால் குனிந்தால் சற்றே குறைதல், ஓயாத வாந்தி ஆகியவை கணைய அழற்சியைக் குறிக்கும். மதுப்பழக்கமும் பித்தக் கற்களுமே இதன் முதன்மைக் காரணங்கள்.

இடப்புற வலி

கீழே விழுந்தோ வாகன விபத்திலோ இடப்பக்கம் அடிபட்டபின் வலித்தால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மண்ணீரலில் கிழிசல் ஏற்பட்டிருக்கலாம். இடது தோள்பட்டை வலியும் தலைச்சுற்றலும் உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறிகள். மண்ணீரல் வீங்கியிருப்போருக்கு வயிற்றை அழுத்தி உருவுவது ஆபத்தாகும்; எனவே காரணம் தெரியாத வலிக்குக் ‘குடலேற்றம்’ என்று எண்ணெய் தடவித் தட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

பிற காரணங்கள்

இடுப்புப் பக்கத்திலிருந்து தொடைமடி வரை அலைஅலையாக இறங்கும் வலி சிறுநீரகக் கல்லினுடையது. மூச்சை இழுக்கும்போதும் இருமும்போதும் குத்தும் வலி நிமோனியாவாலோ நுரையீரல் உறையின் அழற்சியாலோ வரலாம். விரலால் ஓரிடத்தை அழுத்தும்போது மட்டும் வலித்தால் தசையோ விலாக் குருத்தெலும்போ காரணமாக இருக்கக்கூடும்.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் எரிந்து, சில நாட்களில் கொப்புளம் தோன்றினால் அது அக்கி. காவி கொண்டு அக்கி எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் நாள் கடத்திவிடக் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே மிகுந்த பயன் தரும்.

டெங்கு காய்ச்சல் தணியும் நாட்களில் வரும் வயிற்று வலி ஓர் எச்சரிக்கை அறிகுறி. காய்ச்சல் விட்டதென்று அமைதி அடையாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கருவுற்று 20 வாரம் கடந்த பெண்ணுக்கு வலது விலாவின் கீழ் வலியும், தலைவலி அல்லது பார்வை மங்கலும் இருந்தால், இரத்த அழுத்தத்தை அன்றே பார்த்தாக வேண்டும்.

வாயு என்று ஏமாற்றும் இதயம்

இதயத்தின் அடிப்பகுதிக்கு இரத்தம் தடைபடும்போது நெஞ்சுவலிக்குப் பதிலாக மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், வியர்வை, மூச்சுத் திணறல் மட்டுமே தோன்றலாம். முதியோர், பெண்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் ஆகியோரிடம் இது மிகுதி. சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் வலியே மங்கலாகத் தெரியும். “ஏப்பம் வந்தது, ஆகவே வாயுதான்” என்ற முடிவு நம்பத்தக்கதன்று. முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும், மருத்துவர் மீண்டும் ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னால் பொறுமையோடு ஒத்துழையுங்கள். தொடக்கத்தில் மாற்றம் தெரியாமல் போகக்கூடும்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியவை

• வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றுடன் கூடிய வலி
• தாடை, இடது கை, தோள் ஆகியவற்றுக்குப் பரவும் வலி
• இரத்த வாந்தி அல்லது கறுத்த மலம்
• வயிறு பலகைபோல் இறுகுதல்
• அடிபட்டபின் தோன்றும் வலி

நோயாளி தாமே வண்டி ஓட்டி வரக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, உணவுக்கும் மூச்சுக்கும் அசைவுக்கும் ஏற்பக் கூடுகிறதா குறைகிறதா என்பவற்றை உடனிருப்போர் ஒரு தாளில் குறித்து வாருங்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கையோடு கொண்டு வாருங்கள். மதுப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். நோயைக் கண்டறிய அது தேவை. கடும் வலியோடு வருபவர் வழியில் எதுவும் உண்ணாதிருப்பது நல்லது. ஸ்கேனுக்கும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்துக்கும் வெறும் வயிறே ஏற்றது.

பரிசோதித்தபின் அது வாயுதான் என்று தெரிந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். வீணாக வந்துவிட்டோமே என்று எவரும் கூச்சப்படத் தேவையில்லை.