வரைபலகை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நம் இதழில் வழக்கமாக வரி, லைசென்ஸ், தராசு முத்திரை என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை கம்ப்யூட்டரில் படம் வரையும் பலகையைப் பற்றி எழுதுகிறேன். மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்முடைய புளிப் பாக்கெட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் படம் போட்டுத் தருகிறவர்களுக்கு இப்போது இது தொழில் சாமான். வீட்டில் பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பணம் கொடுப்பவர் நாம்தான். சரக்கு இன்னதென்று தெரிந்து கொடுத்தால் நல்லது.

நான் தெரியாமல் கொடுத்தவன். தியாகதுருகத்தில் எங்கள் மண்டியின் போர்டை எழுதியவர் ஒரு பெயிண்டர். ஒரு காலத்தில் கடைத்தெருவில் எங்கே திரும்பினாலும் அவர் கையெழுத்துத்தான். ஃபிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்து, பிறகு நின்றே போயிற்று. அவர் மகன் கள்ளக்குறிச்சியில் ஒரு டிசைன் கடையில் இருக்கிறான். அப்பாவின் கை அப்படியே அவனுக்கும் வந்திருக்கிறது. ஆனால் மவுஸைப் பிடித்து வரைவது எடைக்கல்லைப் பிடித்துக் கோலம் போடுவது போலத்தான். பலகை ஒன்று வாங்க முன்பணம் கேட்டு வந்தான். தனியாக வேலை எடுத்துச் செய்யலாம், அப்பாவுக்கும் எழுத்து வேலை கொடுக்கலாம் என்பது அவன் கணக்கு.

"பணமாக எதற்குத் தம்பி, நானே வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, வெளியூர் போனபோது சில நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். கறுப்புப் பலகை, குச்சியால் எழுதினால் பச்சையாகத் தெரியும், பொத்தானை அழுத்தினால் அழிந்துவிடும். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, இது பிள்ளைங்க சிலேட்டு. இதுல எழுதுறது கம்ப்யூட்டருக்குப் போகாது" என்றான். அந்தச் சிலேட்டு இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் அன்றைய விலை எழுதத் தொங்குகிறது. நம் அன்பர்கள் கடையில் "பென் டேப்லெட்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "டேப்லெட்" என்று மட்டும் கேட்டால் பெரிய செல்போன் மாதிரி ஒன்றை எடுத்து வைப்பார்கள். அது வேறு சரக்கு, வேறு விலை.

பென் டேப்லெட்டில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தில் திரை கிடையாது. வெறும் பலகையில் பேனாவை ஓட்டினால் கோடு கம்ப்யூட்டர் திரையில் விழும். ரூ.3,000 முதல் ரூ.6,000-க்குள் நல்லதாகவே கிடைக்கிறது. இரண்டாவது ரகத்தில் பலகையே திரை; அதன்மேல் நேராக வரையலாம். விலை பல மடங்கு. இரண்டில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகக் கம்ப்யூட்டர் வேண்டும். சில ரகங்களைச் செல்போனிலும் மாட்டலாம், ஆனால் பலவற்றில் அப்போது பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும். கையை ஒரு இடத்தில், கண்ணை ஒரு இடத்தில் வைத்துப் பழகச் சில நாள் ஆகும். பழகியபின் அது தடையாக இல்லை என்கிறான் பையன். ஆகவே முதல் முறை வாங்குகிறவர் திரையில்லாத ரகத்தை வாங்கினாலே போதும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1964-லேயே இப்படி ஒரு பலகை செய்தது. அப்போது விலை 18,000 டாலர்! ஜப்பானில் 1983-இல் தொடங்கிய வாக்கம் கம்பெனி, பேட்டரி இல்லாத பேனாவால் பெயர் பெற்றது. பலகைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி வலை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பேனா எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பலகை அதிலிருந்து கணக்கிடுகிறது. உள்ளங்கை பலகையில் பட்டாலும் கோடு விழாது. இன்று சீனத்து ஹுயான், எக்ஸ்பி பென் போன்றவையும் இதே வகைப் பேனாவைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. சார்ஜ் போட வேண்டிய பேனா என்றால் யோசித்து வாங்குங்கள்.

அடுத்து அழுத்த அளவு. பெட்டியின்மேல் 2048, 4096, 8192, 16384 என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். பேனாவை மெல்லத் தொட்டதற்கும் அழுத்திப் பிடித்ததற்கும் நடுவே எத்தனை படி பிரித்துக் காட்டும் என்பதே அந்த எண். விற்பனையாளர் இதைத்தான் முதலில் சொல்வார். தராசு வாங்கும்போது எத்தனை கிலோ வரை நிறுக்கும் என்று மட்டுமா பார்க்கிறோம்? அஞ்சு கிராம் ஏலக்காய் வைத்தால் அதற்கு எண் மாறுகிறதா என்றும் பார்ப்போம் அல்லவா? இங்கும் அதே சோதனைதான். பேனாவைத் தொட்டும் தொடாமலும் இழுத்தால் மெல்லிய கோடு விழ வேண்டும். ஸ்கேலை வைத்துச் சாய்வாக, மிக மெதுவாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது அலை அலையாக வந்தால் 16384 என்ற எண்ணால் பயனில்லை. 4096 நம் வேலைக்குத் தாராளம். ஒரு வட்டமும் போட்டுப் பாருங்கள். முட்டை வடிவமாக விழுந்தால் பலகைப் பரப்பும் திரையும் பொருந்தவில்லை என்று பொருள். அதை அமைப்பில் சரி செய்துகொள்ளலாம். அதற்காகப் பலகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இடது கைக்காரருக்கும் அங்கேயே திருப்பி வைத்துக்கொள்ள வசதி உண்டு.

அளவு விஷயத்தில் நான் மறுபடி தவறப் பார்த்தேன். சிறியது சுமார் 6-க்கு 4 அங்குலம், நடுத்தரம் 10-க்கு 6. எழுதும் பரப்பைத்தான் பார்க்க வேண்டும், பலகையின் வெளி அளவை அல்ல. விலை குறைவு என்று சிறியதைக் காட்டினேன். பையன் தயங்கினான். காரணம் பிறகுதான் புரிந்தது. அவன் அப்பாவோடு சுவரிலும் தகரத்திலும் எழுதிப் பழகியவன்; கை தோளிலிருந்து வரும். மணிக்கட்டை மட்டும் அசைத்து நோட்டில் வரைகிற பிள்ளைகளுக்குச் சிறியது சரி. இவனுக்கு 10-க்கு 6 இல்லாமல் முடியாது. யாருக்கு வாங்குகிறோமோ அவரை அரை மணி நேரம் வரையச் சொல்லிப் பாருங்கள், அளவு தானே தெரிந்துவிடும்.

பேனா முனை பிளாஸ்டிக், தேயும். மாற்று முனை பெட்டிக்குள் எத்தனை, தனியாகக் கிடைக்குமா, வாரண்டி யார் பொறுப்பு என்று கேட்டு பில்லோடு வாங்க வேண்டும். சாப்ட்வேருக்குப் பணம் தேடி அலைய வேண்டாம். கிரிட்டா, இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம்.

வரி சம்பந்தமாக ஒரு வார்த்தை. இதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கடை லேபிள் வேலைக்காகக் கடைப் பெயரில், நம் ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கினால் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. பேரனுக்கு வாங்கிவிட்டுக் கடைக் கணக்கில் எழுதவும் கூடாது. எங்கள் விஷயத்தில் பில் ரூ.4,720, அதில் வரி ரூ.720. மண்டிப் பெயரில் போடலாம் என்றேன். "அப்பா பிரஷ் அப்பாவோடதுதானே ஐயா, இது என் பேர்ல இருக்கட்டும்" என்றான் பையன். எனக்கு ரூ.720 போயிற்று. சரிதான் என்று விட்டுவிட்டேன். மாதம் ரூ.500 கழித்துக்கொள்வதாகப் பேச்சு.

முதல் வேலையாக எங்கள் கல்வராயன் மலைப் புளிக்கு லேபிள் வரைந்தான். அதில் ஒன்று கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சுக்காரர் தனித்தனியாக பிளாக் செய்வதால், நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். ஆறு நிறத்தில் அழகாக வரைந்து வந்ததை மூன்றாகக் குறைக்கச் சொன்னேன். எடை, விலை, பேக்கிங் மாதம், புகார் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இவற்றுக்கு முதலிலேயே இடம் விட்டுவிட்டுத்தான் படத்தைத் தொடங்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

'புளி' என்ற எழுத்தை மட்டும் அவன் வரையவில்லை. அப்பாவை அழைத்து வந்து பேனாவைக் கையில் கொடுத்தான். பெரியவர் பழக்க தோஷத்தில் பேனா முனையை ஒருமுறை துணியில் துடைத்துவிட்டு எழுதினார். நான்காவது தடவையில் எழுத்து சரியாக வந்தது. இப்போது பாக்கெட்டில் இருப்பது அதுதான். பையன் பாக்கி இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.