மலைக்குள்ளே என்ன இருக்கிறது?

மலையைக் குடைந்து ரெயில் பாதை போடவேண்டும். உள்ளே இருப்பது கெட்டிப் பாறையா? ஈர மணலா? போய்ப் பார்க்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளை போட்டுப் பார்ப்பார்கள். நடுவில் உள்ளதை ஊகித்துப் படம் வரைவார்கள்.

ஊகம் தவறினால் என்ன ஆகும்? சுவிட்சர்லாந்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

25 பேர் பலி

ஆல்ப்ஸ் மலையில் லோட்ச்பெர்க் சுரங்கப்பாதையைத் தோண்டினார்கள். மேலே ஒரு பள்ளத்தாக்கு. அதன் தரைக்குக் கீழே சுமார் 180 மீட்டர் ஆழத்தில் வேலை நடந்தது. பள்ளத்தாக்கில் கிடக்கும் மணலும் கல்லும் அவ்வளவு ஆழம் இராது, கீழே பாறைதான் என்று நிபுணர்கள் நம்பினார்கள்.

1908-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி பாறைக்கு வெடி வைத்தார்கள். அவ்வளவுதான்! தண்ணீரும் மணலும் கல்லும் உள்ளே பாய்ந்தன. 25 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலிக்காரர்கள்.

அந்த வழியைக் கைவிட்டு, வளைந்து சென்று தோண்டினார்கள். 1913-ல் ரெயில் ஓடியது.

நிபுணர்களிடம் படம் இருந்தது. அதை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்குதான் இல்லை.

நூறு படம்

இன்று அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். எப்படித் தெரியுமா?

கம்ப்யூட்டர் ஒரு படத்தோடு நிற்காது. துளைகளில் கண்டதற்குப் பொருந்தும்படி, நீளம், அகலம், ஆழம் மூன்றும் கொண்ட நூறு படங்களை வரையும். பாறையின் எல்லை ஒன்றில் சற்று மேலே இருக்கும். இன்னொன்றில் சற்றுக் கீழே இருக்கும்.

ஓர் இடத்தில் நூறு படமும் "பாறை" என்றால் கவலை இல்லை. 50 படம் பாறை, 50 படம் மணல் என்றால்? அங்கேதான் சந்தேகம் அதிகம்! அடுத்த துளையை அங்கே போடவேண்டும்.

துளைக்கு அருகில் சந்தேகம் குறைவு. தூரம் போகப் போக வளரும். நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

ஆனால் ஒன்று. நூறு படத்துக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றே. அது பிசகினால் நூறும் பிசகும். "மணல் ஆழம் இல்லை" என்று 1908-ல் ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அதுவும் அதையேதான் காட்டியிருக்கும்! கடைசியில் பேசவேண்டியது துளைதான்.

சர்க்கரைப் பாறை

அதே நாட்டில் கோட்ஹார்ட் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை போடத் திட்டமிட்டார்கள். வழியில் பியோரா என்ற இடம். அங்குள்ள டாலமைட் பாறை சர்க்கரை போல உதிரும். தண்ணீரும் ஊறி நின்றது. அது பாதை வரை இறங்கியிருந்தால்? லோட்ச்பெர்க் கதைதான்!

இந்த முறை ஊகத்தை நம்பவில்லை. 1990-களில் தனியாக ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டினார்கள். அதிலிருந்து துளை போட்டார்கள். 1996-ல் ஒரு துளை வழியாகத் தண்ணீரும் உதிர்ந்த பாறையும் சீறி வந்தன.

அதோடு விடவில்லை. இன்னும் ஆழமாகச் சாய்வுத் துளைகள் போட்டார்கள். பாதை போகும் ஆழத்தில் பாறை கெட்டியாக இருந்தது. தண்ணீரும் இல்லை!

2008-ல் தோண்டும் எந்திரம் பியோராவைக் கடந்தது. 2016-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி பாதை திறக்கப்பட்டது.