குணசேகரன் வீட்டு வாசலும் விடியற்காலை ரயிலும்

கோலார் தங்கவயலில் ஒரு வாரத்து சீரியலுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தீர்ப்பு

"வாசப்படியத் தாண்டறதுக்கு அவங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க லைன்ல தினமும் விடியறதுக்குள்ள பத்துப் பொம்பளைங்க தாண்டிப் போறோம். எங்களை யாரு படம் புடிக்கறாங்க?" என்கிறார் அந்தப் பெண், மடியிலிருந்த பூண்டை உரித்தபடி.

2024 ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிறு. மாரிக்குப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் ஒன்று. சன் டிவியில் 2022 பிப்ரவரியிலிருந்து ஓடிய 'எதிர்நீச்சல்' அந்த வாரம்தான் முடிந்திருந்தது. வாரம் முழுக்க ரயிலில் செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்ததை ஞாயிறன்று அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து அலசுவது இங்கே வழக்கம். பெங்களூரில் ஒரு ஆயத்த ஆடை ஃபாக்டரியில் தைப்பவர் இவர். பெயர் வேண்டாம் என்கிறார். வேலை நேரத்திலும் போன் பார்க்கிறார் என்று சூப்பர்வைசர் நினைத்துவிடுவாராம்.

சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்த ஊர் இது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியபோது வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்றைய தங்கவயல்காரர்கள். கர்நாடகத்தில் இருந்தாலும் வீட்டுக்குள் ஒலிப்பது பெரும்பாலும் தமிழ். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஊரைத் தூக்கி நிறுத்தியிருப்பது, தங்கத்துக்காகப் போட்ட ரயில் பாதை. மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாக பெங்களூருக்கு ஓடுகிறது விடியற்காலை ரயில். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

இந்த ரயில்காரிகளுக்கு 'எதிர்நீச்சல்' வெறும் பொழுதுபோக்கு அல்ல. கதையே வேலைக்குப் போவதைப் பற்றியதுதான். படித்த மருமகள்களை வீட்டோடு கட்டிப்போடும் ஆதி குணசேகரன். அவன் பிடியிலிருந்து வெளியேறத் துடிக்கும் ஜனனி, ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி. தங்கவயலில் தீர்ப்பு என்ன? பாதிப் பாராட்டு, பாதி எரிச்சல். "வேலைக்குப் போனா விடுதலைன்னு சொல்றாங்க. சரி. போன அப்புறம் மணிக்கு இத்தனை பீஸ்னு டார்கெட் குடுப்பாங்களே, அதை ஒரு எபிசோட்ல காட்டியிருக்கலாம்" என்கிறார் நம் விமர்சகர். தொழில்ரீதியான குறை ஒன்றும் அவரிடம் உண்டு. "வாசலைத் தாண்ட விடாத வீட்ல நாளுக்கொரு புது பிளவுஸ். அளவு குடுத்தது எப்போ, தைச்சது யாரு?" எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் நான் படிக்காத கேள்வி இது.

கடைசி வாரத்தைப் பற்றி யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. மாதக்கணக்கில் இழுத்துவிட்டுக் கடைசியில் அவசர அவசரமாக மூட்டை கட்டிவிட்டார்கள் என்பது பக்கத்து வீட்டம்மாவின் புகார். ஆனால் அவருடைய மாமியாருக்கு சீரியல் முன்பே முடிந்துவிட்டது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல், இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சுவலி கண்டு, அன்றே இறந்தார். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். "அவரு நல்லாத்தான் பண்ணாரு. ஆனா நான் சீரியலப் பாக்கறதில்லப்பா, அடுப்பாண்ட இருந்துக்கினு கேக்கறேன். அந்தக் குரல் போச்சு, கதையும் போச்சு" என்கிறார் கிழவி.

மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. 1990களில் தூர்தர்ஷனில் தமிழ் பேசிய 'ஜுனூன்' ஞாபகம் இருக்கிறதா? இந்தி உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டி வினைச்சொல்லை வாக்கியத்தின் நடுவில் கொண்டுவந்து போட்டார்கள். தமிழ்நாடே சிரித்தது, பிறகு அதே மாதிரி பேசியும் பார்த்தது. தங்கவயலில் அவ்வளவு சிரிப்பு எழவில்லையாம். தெலுங்கும் கன்னடமும் உருதும் தெருவில் கலந்து ஓடும் ஊருக்கு, வாக்கியம் கொஞ்சம் நொண்டினால் என்ன? 'சித்தி' ஓடிய நாட்களில் எதிர்வரிசைத் தெலுங்கு வீட்டில் அதுவே 'பின்னி'யாக ஜெமினி டிவியில் வந்தது. கதையை ஒப்பிட்டுச் சண்டை போட்டதை அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

'சித்தி' என்றதும் திண்ணையிலிருந்து ஒரு இருமல். பூண்டு உரிப்பவரின் மாமனார். சாம்பியன் ரீஃபில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். ராதிகாவின் அந்தத் தொடர் 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை வந்தது. முதல் ஓராண்டு, ஷிஃப்ட் மாறி மாறிப் போனதால், கதையை மனைவி சொல்லித்தான் கேட்டிருக்கிறார். "சுரங்கத்தை மூடின அப்புறம்தான் ஸார், தினமும் உக்காந்து பார்த்தேன். சங்கு ஊதறதும் நின்னுபோச்சு. சீரியல் பாட்டு வந்தாத்தான் ராத்திரி மணி தெரியும்."

அப்புறம் வந்த 'கோலங்கள்' அவருக்கு ஒத்துவரவில்லை. "ஒரு கையெழுத்துல கம்பெனி கை மாறுது, மறு வாரம் திரும்பி வருது. நாங்க எத்தினி வருஷம் ஊர்வலம் போனோம், டெல்லிக்குப் போனோம்? திரும்பி வந்துச்சா?" இன்னொன்றும் சொன்னார். "சீரியல்ல எல்லாருக்கும் ஆக்ஸிடென்ட் ஆவுது. இல்லேன்னா ஞாபகம் போவுது. இருமல் மட்டும் ஒருத்தருக்கும் வரமாட்டேங்குது." கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ், இந்த ஊரில் 1940களிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்த நோய். காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு குன்றுகளின் தூசி இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. 2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தை இந்த வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் விசிறிக் காட்டினார்.

'எதிர்நீச்சல்' இரண்டாம் பாகம் அதே 2024 டிசம்பரில் தொடங்கியது. அந்த ஞாயிறன்று அது யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து ரயிலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கிளம்பும்போது கேட்டேன்.

"தூங்கப் போறேன் ஸார்" என்றார், பூண்டுத் தோலை முறத்தில் வாரியபடி. "ரெண்டு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு."