நினைவைச் சேமித்து வைக்கலாமா?

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் தமிழருக்குப் புதியதொன்றன்று. புதுச்சேரியிலே ஆனந்தரங்கப் பிள்ளை 1736 ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் எழுதிவந்த நாட்குறிப்பு இன்று வரலாற்றுச் செல்வமாகத் திகழ்கின்றது. ஆயினும், நாட்குறிப்பு எழுதுவோர் யாவரும் எதனை எழுதுவது, எதனை விடுவது என்று தம்முள் தீர்மானித்தே எழுதுகின்றனர். அத்தீர்மானத்துக்கே இடமின்றி, வாழ்வு முழுவதும் தானாகவே பதிவாகுமாயின் யாது நிகழும்?

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க விஞ்ஞானி வன்னெவார் புஷ் 1945 இல் 'அத்லாந்திக்' சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரையொன்றில், நெற்றியில் அணியத்தக்க சிறு கமரா ஒன்றைப் பற்றிக் கூறினார். ஒருவருடைய நூல்களையும் கடிதங்களையும் நுண்படச் சுருளில் அடக்கி, வேண்டியபோது காட்டும் 'மெமெக்ஸ்' என்னும் மேசையையும் அதிலே விவரித்தார். அம்மேசை செய்யப்படவேயில்லை, கனவு மட்டும் எஞ்சியது.

அக்கனவைக் கையிலெடுத்தவர் கணினிப் பொறியியலிற் புகழீட்டிய கோர்டன் பெல். மைக்ரோசொப்ட் ஆராய்ச்சிப் பிரிவிலே தம் சகாக்களுடன் அவர் நடத்திய முயற்சி 'மை லைஃப் பிட்ஸ்' எனப்பட்டது. கடிதங்கள், புகைப்படங்கள், தொலைபேசி உரையாடல்கள், கணினித் திரையிற் கண்ட பக்கங்கள் ஆகிய யாவும் ஒரே தரவுக் களஞ்சியத்திற் சேர்க்கப்பட்டன. காலத்தைக் கொண்டோ, சொல்லைக் கொண்டோ அவற்றைத் தேடிக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் உருவான 'சென்ஸ்காம்' என்னும் கமராவையும் பெல் கழுத்தில் அணிந்தார். ஒளி மாறினாலோ, எதிரே மனித உடலின் வெப்பம் உணரப்பட்டாலோ அது தானாகவே படம் பிடிக்கும்.

எனினும், அக்கமராவின் பெரும் பயன் வெளிப்பட்டது வேறோர் இடத்தில். மூளையழற்சி நோயினால் நினைவாற்றல் குன்றிய பெண்மணி ஒருவர் அதனை அணிந்தார். பதிவான படங்களைக் கணவருடன் அமர்ந்து, இரண்டு நாட்களுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் பார்த்தார். முன்பு சில நாட்களுக்குள் முற்றாக மறைந்துபோன நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அவர் நினைவில் நின்றதென 2007 இல் வெளியான ஆய்வறிக்கை கூறுகின்றது. பார்ப்பதை நிறுத்திச் சில மாதங்கள் சென்ற பின்னும் அந்நினைவு பெரும்பாலும் அழியவில்லை. எழுத்து நாட்குறிப்பைப் படித்தபோதோ இத்தகைய பயன் கிட்டவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். படம் பிடித்தது இயந்திரம். ஆனால் நினைவை எழுப்பியது இருவர் அருகருகே அமர்ந்து மீண்டும் பார்த்த பார்வையன்றோ? பார்ப்பாரின்றிக் கிடக்கும் ஆயிரம் படங்கள் பூட்டிய பெட்டகத்துக்கே ஒப்பாகும்.

அன்றியும், கழுத்திலே தொங்கும் கமரா அணிந்தவரை மாத்திரமா பதிகின்றது? எதிர்ப்படுவோர் அனைவரையும் அவர்தம் இசைவின்றியே பதிகின்றது. அப்பதிவு எவர் கையிற் சேரும் என்பதும் அற்பமான கேள்வியன்று.

பெல் 2024 இல் காலமானார். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி, நாம் சென்ற இடத்தையும் நடந்த அடிகளையும் நாம் கேளாமலே குறித்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றுள்ளது. சேமித்தல் எளிதாகிவிட்டது. சேமித்ததை அன்புடையார் ஒருவரோடு அமர்ந்து மீண்டும் பார்ப்பதற்கு நமக்கு ஓய்வுண்டா என்பதே இனி எஞ்சிய கேள்வி.