பரணில் கிடக்கும் பழைய கடிகார ரேடியோ என்னவெல்லாம் சொல்லும், தெரியுமா?

தென்கோடிக் கடலோர ஊரான பெரியதாழைக்குச் சென்னையைவிடக் கொழும்பு எவ்வளவு பக்கம், தெரியுமா? நேர்கோட்டில் அளந்தால் கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அதுவும் கொழும்புக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்கக் கடல். உப்புநீர் தரையைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மீடியம் வேவ் அலை கடல்மேல் வரும்போது அதிகம் வலுவிழப்பதில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இந்தக் கரையில் அடுத்த வீட்டுப் பேச்சுபோலத் தெளிவாகக் கேட்டதற்கு இந்தக் கடலும் ஒரு காரணம்!

அந்தக் குரல்களைக் கேட்ட பெட்டி எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கண்டுபிடிக்க முதலில் எங்கே தேட வேண்டும், தெரியுமா? பழைய பத்திரங்கள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில்! ரேடியோ வைத்திருக்க ஒரு காலத்தில் லைசன்ஸ் வேண்டும். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. அந்த லைசன்ஸ் புத்தகத்தில் ரேடியோவின் விவரம் எழுதியிருக்கும். தாத்தா பெயரும் மர்ஃபியோ பிலிப்ஸோ ஒரே பக்கத்தில்!

புத்தகம் கிடைக்கவில்லையா? வால்வைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் பெயரிட்ட வால்வின் முதல் எழுத்தே பெட்டியின் கதையைச் சொல்லிவிடும். டிகே 96, டிஎல் 96 என்று ‘டி’யில் தொடங்கினால் பேட்டரி ரேடியோ, கரண்ட் வராத ஊர்களில் பாடியது. யுசிஎச் 81, யுஎல் 84 என்று ‘யு’வில் தொடங்கினால் கவனம்! பெரும்பாலும் அதில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. மெயின் கரண்டின் ஒரு முனை நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் இணைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் அதைத் தொடவே கூடாது.

டயலில் 640, 1240 என்ற இடங்களில் சின்ன முக்கோணம் தெரிகிறதா? அப்படியானால் அது அமெரிக்கச் சந்தைக்கு, 1953க்கும் 1963க்கும் இடையில் செய்தது! அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் மக்கள் முள்ளை எங்கே திருப்ப வேண்டும் என்று காட்டுவதற்காக அந்நாட்டு அரசு போடச்சொன்ன அடையாளம் அது. கப்பல் வேலைக்குப் போனவர் வாங்கிவந்த பெட்டியில் பனிப்போரே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

அந்த அமெரிக்கப் பெட்டி கடிகார ரேடியோ என்றால், அதன் கடிகாரம் இங்கே ஒரு நாளுக்குச் சரியாக 4 மணி நேரம் பின்தங்கும், தெரியுமா? கடிகாரத்தில் பழுது ஏதும் இல்லை! மின்சாரத்தின் துடிப்பை எண்ணியே அது ஓடுகிறது. அங்கே நொடிக்கு 60 துடிப்பு, நம் ஊரில் 50. ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம்தான் நகரும். பின்னாளில் வந்த எண் ஒளிரும் கடிகார ரேடியோக்கள் பலவற்றில், உள்ளே இருக்கும் சிப்பின் ஒரு காலை இணைத்தாலோ பிரித்தாலோ கணக்கு சரியாகிவிடும். முள் கடிகாரம் என்றால் மோட்டாரையோ பல்சக்கரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். இரண்டிலும் 110 வோல்ட்டுக்கான டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும்.

இதைவிட அதிசயம் ஒன்று! 1960களின் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஏஎஃப் 117 என்று ஒரு டிரான்சிஸ்டர் வரும். அதன் டப்பாவுக்குள் வெள்ளீயம் தானாக மயிரிழைகளாக வளரும்! ஆண்டுகள் பல கழித்து அந்த இழை உள்ளே முட்டி ஷார்ட் ஆகி, ரேடியோ ஊமையாகிவிடும். டப்பாவோடு இணைந்த நான்காவது கம்பியை வெட்டிவிட்டால் பல பெட்டிகள் மறுபடி பாடும்.

மற்றபடி கடலோர வீட்டில் பெரிய எதிரி உப்புக்காற்றுதான். செம்பில் பச்சை பூக்கும், வால்யூம் திருகு கரகரக்கும், ஸ்பிரிங் துருவேறும். இவை துடைத்தால் தீரும் கோளாறுகள். கன்டென்சர்கள் அப்படியல்ல. உள்ளிருக்கும் ஈரம் வற்றி, படலம் மெலிந்து கிடக்கும். பல ஆண்டு தூங்கிய பெட்டிக்கு எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும். அதனால்தான் நல்ல மெக்கானிக் முதலில் ஒரு குண்டு பல்பை வரிசையில் மாட்டிக் கரண்ட் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால் மேற்கொண்டு போகலாம். கன்டென்சர் மலிவு, எளிதில் கிடைக்கும். டயல் கண்ணாடியும் மரப்பெட்டியும் உடைந்தால் கிடைப்பது மிக அரிது. அவற்றைப் பாலிஷ், பெயின்ட் என்று எதுவும் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால், ஆசையில் பிளக்கைச் சொருகிப் பார்க்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடவும் போடாதீர்கள். பின்மூடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்காமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள்!